இருக்கைகள் காலியானால் நாடகத்துக்கு என்ன ஆகும்?

உயர்நிலை நான்கு மாணவர்களிடம் இப்படி ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள்: "மேடை நாடகம் பார்க்க வருவோரின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. இதைப் பற்றி உன் கருத்து என்ன?" பெரும்பாலான தாள்களில் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வரும். கூட்டம் வராவிட்டால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் நாடகக் குழுவை மூட வேண்டிவரும். ஆகவே நாம் அனைவரும் நாடகத்துக்கு ஆதரவு தர வேண்டும்.

இதில் எந்த வாக்கியமும் தவறில்லை. ஆனால் 'நாடகக் குழு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மளிகைக் கடை' என்று போட்டாலும் மூன்று வாக்கியங்களும் அப்படியே பொருந்தும். அப்படிப் பொருந்தினால், நாடகத்தைப் பற்றி நாம் இன்னும் எதையும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கூட்டம் குறையும்போது, குழுவை மூடுவதற்கு வெகு நாள் முன்பே நாடகம் மாறிவிடுகிறது. குழுவின் பெயர் இருக்கும், சுவரொட்டி இருக்கும், மேடையேற்றமும் நடக்கும். ஆனா மேடையில நடப்பது கொஞ்சம் கொஞ்சமா வேறொன்றாக ஆகியிருக்கும். அதை யாரும் ஒரு செய்தியாகப் பேசுவதில்லை. ஆசிரியர்களாகிய நமக்கும் அந்த மாற்றத்தில் பங்கு உண்டு என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள வசிப்போரில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இதைப் பார்த்தவுடன், "தமிழ் பேசுறவங்களே குறைஞ்சிட்டாங்க, அப்புறம் நாடகத்துக்கு யாரு வருவாங்க?" என்று கேட்கத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். 2.5 விழுக்காடு என்பது ஏறக்குறைய 100,000 பேர். அதுவும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியது. வேலை அனுமதியில் இங்கே இருக்கும் தமிழ் ஊழியர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். எஸ்பிளனேட்டின் சிறிய நாடக அரங்கில் 220 இருக்கைகள். ஒரு தமிழ் நாடகம் அங்கே நான்கு காட்சிகள் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 880 இருக்கைகள். வீட்டில் தமிழ் பேசுவோரில் நூற்றுக்கு ஒருவர் வந்தாலே இடம் போதாது!

ஆகவே ஆள் இல்லை என்பது முழுக் காரணம் ஆகாது. நாடகம் பார்க்கப் போகும் பழக்கம் இல்லை என்பதுதான் பெரிய காரணம். இரண்டும் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு. மக்கள்தொகையை நீங்களும் நானும் மாற்ற முடியாது. பழக்கத்தை மாற்றலாம்.

அடுத்தது பணம். நாடகத்தின் பணக் கணக்கு கடையின் கணக்கைப் போன்றதில்லை. 1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் நிகழ்கலைகளின் பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியது எளிமையான ஒன்று. தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் அதே வேலையைக் குறைந்த ஆட்களைக் கொண்டு, குறைந்த நேரத்தில் செய்யலாம். மேடைக் கலையில் அது நடக்காது. எட்டுப் பாத்திரங்கள் உள்ள ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் எட்டு நடிகர்கள் தேவைப்பட்டார்கள். இன்றைக்கும் எட்டுப் பேர்தான். ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் வெளியே எல்லாருடைய சம்பளமும் உயர்கிறது, வாடகை உயர்கிறது. நாடகம் அந்த உயர்வைத் தாங்கிக்கொண்டு அதே வேகத்தில்தான் ஓட வேண்டும். அதாவது, கூட்டம் குறையாமல் அப்படியே இருந்தால்கூட, குழு ஒவ்வோர் ஆண்டும் ஓர் அடி பின்னால் போகிறது. கூட்டமும் குறைந்தால் இரண்டு அடி.

ஒரு கணக்குக்காக நுழைவுச்சீட்டு 30 வெள்ளி என்று வைப்போம். 880 இருக்கையும் விற்றால் 26,400 வெள்ளி. பாதி விற்றால் 13,200 வெள்ளி. அரங்க வாடகை பாதியாகக் குறையுமா? ஒளியமைப்பாளர் பாதிச் சம்பளம் வாங்குவாரா? இரண்டு மாத ஒத்திகையை ஒரு மாதமாக்கினால் நாடகம் தாங்குமா? செலவு அப்படியே நிற்கும், வரவு மட்டும்தான் இறங்கும். கடையில் இன்றைக்கு விற்காத அரிசியை நாளைக்கு விற்கலாம். இன்றிரவு விற்காத இருக்கையை நாளைக்கு விற்க முடியாது.

நாடகம் எங்கெங்கே சுருங்குகிறது?

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாடக ஆசிரியர் மேசைக்கு முன்னால் உட்காருகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேனாவை எடுப்பதற்கு முன்பே சில முடிவுகள் அவருக்காக எடுக்கப்பட்டுவிட்டன.

முதல் முடிவு, பாத்திரங்களின் எண்ணிக்கை. ஒரு கூட்டுக் குடும்பத்தை மேடையில் காட்ட வேண்டுமென்றால் பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் வேண்டும். காசு இல்லையென்றால் பாட்டி ஒரு தொலைபேசிக் குரலாக ஆகிவிடுவார். சித்தப்பா "ஊருக்குப் போயிருக்கார்" என்ற ஒரு வசனத்தோடு காணாமல் போவார். மூன்று பேர் நாடகத்திலும் நல்ல நாடகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஆசிரியர் தேர்ந்தெடுத்த வடிவமா, வரவு செலவு தேர்ந்தெடுத்த வடிவமா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, எத்தனை இரவு நடப்பது என்பது. என்னைக் கேட்டால் பெரிய இழப்பு இதுதான். பல தமிழ் நாடகங்கள் ஒரு வார இறுதியோடு முடிந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை தொடக்கம், ஞாயிற்றுக்கிழமை கடைசி. நாடகம் எழுதும்போதும் ஒத்திகையிலும் பாதிதான் உருவாகிறது. மீதிப் பாதி கூட்டத்தின் முன்னால் உருவாகிறது. எந்த வசனத்துக்குச் சிரிப்பு வருகிறது, எந்த இடத்தில் அரங்கம் மூச்சுவிடாமல் இருக்கிறது, எங்கே ஆட்கள் இருமிக்கொண்டு நெளிகிறார்கள் என்பதை நடிகர் முதல் இரவில் கேட்கிறார். இரண்டாம் இரவில் திருத்திப் பார்க்கிறார். ஐந்தாம் இரவில்தான் அது கைக்குள் வருகிறது. நம்முடைய நாடகங்களில் பலவற்றுக்கு ஐந்தாம் இரவே கிடையாது. நடிகர் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும்போது மேடை அமைப்பைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தமிழ் நாடக வரலாற்றுக்குத்தான் போக வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் 'ஔவையார்' நாடகத்தில் ஔவைப் பாட்டியாக நடித்தார். ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப அதே வேடம். கடைசியில் அந்த வேடமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் நாம் அவரை 'ஔவை சண்முகம்' என்றுதான் சொல்கிறோம். இரண்டு காட்சிகளில் ஒரு பாத்திரம் நடிகரின் பெயராக முடியுமா? அந்தப் பட்டத்தில் நடிகரின் திறமை பாதி என்றால், மீதி திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்த பார்வையாளர்களுடையது.

மூன்றாவது, எதைப் பற்றி எழுதுவது என்பது. கூட்டம் உறுதியாக இருந்தால் ஆசிரியர் ஒரு சிக்கலான கதையை எடுப்பார். கூட்டம் வருமா என்று பயம் இருந்தால், ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுப்பார். தொலைக்காட்சியில் பிரபலமான முகம், பழைய சினிமாப் பாட்டு, மாமியார் மருமகள் சண்டை, இரட்டை அர்த்தமில்லாத பாதுகாப்பான நகைச்சுவை. நகைச்சுவை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. நகைச்சுவை மட்டும்தான் விற்கும் என்ற நிலை வந்தால் நகைச்சுவையும் கெட்டுப்போகும். சிரித்தே ஆக வேண்டும் என்பதற்காக எழுதிய வசனத்தில் யோசிக்க ஒன்றும் இருக்காது.

பங்சாவான் கதை

இது நம் ஊரில் முன்பே நடந்த கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பினாங்கில் 'பங்சாவான்' என்ற மலாய் நாடக வடிவம் பிறந்தது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் தொடங்கியது அது. 1920களிலும் 1930களிலும் மலாயாவின் நகரங்களில் அதற்கு நல்ல கூட்டம். பல இனத்தவரும் பார்க்க வந்தார்கள். நடிகர்களுக்கு முழு வசனத்தையும் எழுதிக் கொடுப்பது வழக்கமில்லை. கதை வரிசையை மட்டும் சொல்லிவிடுவார்கள். பேச்சை நடிகரே மேடையில், எதிரே இருக்கும் கூட்டத்தின் நாடி பிடித்து, அமைத்துக்கொள்ள வேண்டும்.

போருக்குப் பிறகு மலாய்த் திரைப்படம் வளர்ந்தது. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடம் 1947 முதல் 1967 வரை இயங்கியது. மக்கள் திரையரங்குக்குப் போனார்கள். பங்சாவான் நடிகர்கள் பலரும் படத்துக்குப் போனார்கள். பிற்காலத்தில் மலேசியாவில் அரசாங்க ஆதரவோடு அந்தக் கலையை மீட்டெடுத்தபோது உடை கிடைத்தது, திரைச்சீலை கிடைத்தது, பாட்டு கிடைத்தது. ஆனால் நடிகர்கள் எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்துதான் நடிக்க வேண்டியிருந்தது. கூட்டத்தைக் கேட்டுக்கொண்டே பேச்சை அமைக்கும் அந்தத் திறமை எந்தத் தாளிலும் எழுதிவைக்கப்படவில்லை. அது பார்வையாளருக்கும் நடிகருக்கும் நடுவில் இருந்த ஒன்று. ஒரு பக்கம் எழுந்து போனதும் அதுவும் போய்விட்டது.

அதனால்தான் 'பணம் கொடுத்தால் நாடகம் பிழைத்துவிடும்' என்ற வாதத்தை நான் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். பணம் மேடையைக் காப்பாற்றும். பார்வையாளர் இல்லாமல் போன கலையைப் பணத்தால் அப்படியே திரும்ப வாங்க முடியாது.

"ஆனா அரங்கு நிறையுதே, சார்!"

இந்த இடத்தில் யாராவது கேட்கலாம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் நிகழ்ச்சிகள் வரிசையாக நடக்கின்றன. பள்ளி மாணவர்கள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். கூட்டம் எங்கே குறைந்தது?

இங்கேதான் நாம் நம்மையே கொஞ்சம் விமர்சித்துக்கொள்ள வேண்டும். பள்ளிச் சீருடையில் நிரம்பிய அரங்கும் பார்வையாளர் நிரம்பிய அரங்கும் ஒன்றா? மாணவர் அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போக முடியாது. பிடித்தால் மறுபடி வரவும் வழி இல்லை, ஏனென்றால் நாடகம் அந்த வாரத்தோடு முடிகிறது. அவர் மடியில் ஒரு பயிற்சித்தாள் வேறு: 'இந்நாடகம் உணர்த்தும் மூன்று நற்பண்புகளை எழுதுக.' பையன் மேடையைப் பார்ப்பானா, மூன்றாவது நற்பண்பைத் தேடுவானா?

குழுக்களும் நம்மைக் கவனிக்கின்றன. பள்ளிகள்தான் நம்பகமான வாடிக்கையாளர் என்று ஆனபின், நாடகம் பள்ளிக்கு ஏற்றபடி வளைகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கடைசிக் காட்சியில் ஒரு பாத்திரம் முன்னால் வந்து கருத்தைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் புகார் செய்யக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. தெளிவான நற்பண்பு மூன்று கட்டாயம். குழுக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்பது நாம். 1988இல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழு, 1991இல் தொடங்கிய அக்கினிக் கூத்து, 2011இல் தொடங்கிய அவாண்ட் நாடகக் குழு என்று இந்தச் சிறு நாட்டில் தமிழ் நாடகத்துக்காகக் குழுக்கள் தோன்றியிருப்பதே சாதாரண விஷயமில்லை. பகலில் வேலை, இரவில் ஒத்திகை என்று நடிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அப்படிப்பட்டவர்களிடம் நாம் போய், பாடநூலின் பின்பக்கக் கேள்விகளை மேடையேற்றச் சொல்லலாமா?

முன்பின் தெரியாதவர்களோடு உட்காருவது

அப்படியென்றால் உண்மையான பார்வையாளர் கூட்டம் எதற்கு வேண்டும்? இரண்டு நாடகங்களை நினைவுபடுத்துகிறேன்.

1988இல் குவோ பாவ் குன் உருவாக்கிய ஒரு நாடகம், பூனையைத் தேடும் ஒரு தாயைப் பற்றியது. சிங்கப்பூரின் முதல் பலமொழி நாடகம் என்று அதைச் சொல்வார்கள். அந்த அம்மா ஹொக்கியன் பேசுபவர். பிள்ளைகள் ஆங்கிலமும் மாண்டரினும் பேசுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டவில்லை. பூனையைத் தேடிப் போகும் வழியில் அந்த அம்மா ஒரு முதியவரைச் சந்திக்கிறார். அவர் பேசுவது தமிழ். அவரும் பூனை வைத்திருப்பவர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருந்தாலும் கை அசைவிலும் முக அசைவிலும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், புரிந்தும்கொள்கிறார்கள். இப்போது அரங்கில் யார் யார் உட்கார்ந்திருந்தால் இந்தக் காட்சி முழுமையாகும் என்று யோசியுங்கள். ஹொக்கியன் தெரிந்தவர் ஓரிடத்தில் சிரிப்பார். தமிழ் தெரிந்தவர் வேறோரிடத்தில் சிரிப்பார். எனக்குப் புரியாத இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பதைக் கேட்கும்போது, எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது என்று உணர்கிறேன். அந்த உணர்வுதான் நாடகத்தின் கருப்பொருளே. ஒரே மாதிரி ஆட்களை மட்டும் உட்காரவைத்தால் அதில் பாதி போய்விடும்.

இன்னொன்று இளங்கோவனின் 'தலாக்'. 1998இல் தமிழில் மேடையேறியது. இந்திய முஸ்லிம் பெண் ஒருவர் திருமணத்தில் படும் துன்பத்தைப் பேசியது. சமூகத்தில் ஒரு பகுதியினர் கடுமையாக எதிர்த்தார்கள். 2000இல் அதன் ஆங்கில, மலாய் வடிவங்களை மேடையேற்ற அனுமதி மறுக்கப்பட்டது. அந்த நாடகத்தைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. மேடையில் நடந்த ஒரு தமிழ் நாடகத்தால் ஒரு சமூகமே உட்கார்ந்து வாதாட வேண்டியிருந்தது. ஒப்புக்கொள்ளாத ஆட்களும் வந்து பார்க்கும் இடமாக நாடகம் இருந்தால்தான் அது நடக்கும். நண்பர்களும் உறவினர்களும் மட்டும் வரும் அரங்கில் எல்லாரும் கைதட்டுவார்கள், முடிந்ததும் படம் எடுத்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போவார்கள். மறுத்துப் பேச ஆள் இல்லாதபோது, நாடகக் கலைஞருக்குத் தான் செய்தது சரியா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போகிறது.

காணொளி போதாதா?

2020 மார்ச் 26ஆம் தேதி இரவோடு சிங்கப்பூரின் அரங்குகள் மூடப்பட்டன. கிருமிப்பரவல் காலத்தில் நாடகங்கள் இணையத்துக்குப் போயின. அதில் நன்மையும் இருந்தது. வெளியே வர முடியாத முதியவர்களும் தொலைவில் இருப்பவர்களும் பார்க்க முடிந்தது. நாடகத்தைப் பதிவுசெய்து வைக்கும் பழக்கமும் நல்லதே. வகுப்பறையில் நமக்கு அது உதவும்.

ஆனால் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். நேரடி நாடகத்தில் ஒரு வசனத்துக்குச் சிரிப்பு எழுந்தால், நடிகர் அடுத்த வசனத்தை நிறுத்திவைப்பார். சிரிப்பு அடங்கத் தொடங்கும் அந்த நொடியில் பேசுவார். சீக்கிரம் பேசினால் வசனம் கேட்காது. தாமதித்தால் காட்சி தொய்ந்துவிடும். ஒவ்வோர் இரவும் அந்த இடைவெளியின் நீளம் வேறு. அதைத் தீர்மானிப்பது நடிகர் மட்டுமில்லை, நீங்களும்தான். காணொளியில் அந்த இடைவெளி ஒரே நீளத்தில் உறைந்துபோயிருக்கும். நீங்கள் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும், அங்கே ஒன்றும் மாறாது. திரையில் நாம் பார்ப்பது நடந்து முடிந்த ஒன்றை. அரங்கில் பார்ப்பது, நம்மையும் சேர்த்து, நடந்துகொண்டிருக்கும் ஒன்றை.

ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நம் கைக்குள் இருப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நாடகம் நடக்கும்போது பயிற்சித்தாள் கொடுக்காதீர்கள். மறுநாள் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி போதும்: "எந்த இடத்தில் அரங்கம் அமைதியானது? ஏன்?" மேடையையும் கூட்டத்தையும் சேர்த்துக் கவனித்த மாணவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

இரண்டு, முடிந்தால் பள்ளிக்கென்றே நடத்தும் பகல் காட்சிக்கு நூறு பேரை அழைத்துப் போவதைவிட, பொதுமக்கள் வரும் மாலைக் காட்சிக்குப் பத்துப் பேரை அனுப்புங்கள். தாத்தா பாட்டிகளும் வேலை முடிந்து வந்தவர்களும் பக்கத்தில் இருக்கட்டும். பள்ளிக்கு வெளியேயும் தமிழில் சிரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதே பெரிய பாடம்.

மூன்று, காசு செலவில்லாத ஒரு வகுப்பறைச் சோதனை. பாடத்தில் உள்ள ஒரு நாடகக் காட்சியை நான்கு மாணவர்களிடம் கொடுத்து இரண்டு முறை நடிக்கச் சொல்லுங்கள். முதல் முறை மற்றவர்கள் குனிந்து ஏதாவது எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் முறை நிமிர்ந்து கவனித்துப் பார்க்க வேண்டும். பிறகு நடித்தவர்களிடம், "உங்க நடிப்பில என்ன மாறிச்சு?" என்று கேளுங்கள். குரல், வேகம், கண் எங்கே போனது என்று அவர்களே சொல்வார்கள். பார்வையாளரின் பங்கு என்ன என்று நாம் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அந்தப் பத்து நிமிடம் மேல்.

நான்கு, பார்த்த நாடகத்துக்கு மாணவர்களை ஒரு பக்க விமர்சனம் எழுதச் சொல்லி, அதைக் குழுவுக்கே அனுப்பிவையுங்கள். 'மிகவும் அருமை' என்று மட்டும் எழுதியதை அனுப்ப வேண்டாம். பிடிக்காத ஓர் இடத்தையாவது காரணத்தோடு சொல்லியிருக்க வேண்டும். நல்ல விமர்சனம் கிடைப்பது குழுக்களுக்கு அபூர்வம்.

இன்னொரு செய்தி. 2025இல் 18 வயதை எட்டிய, அதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு எஸ்ஜி கல்ச்சர் பாஸ் திட்டத்தில் 100 வெள்ளி கிடைத்திருக்கிறது. 2028 டிசம்பர் 31 வரை அதைப் பயன்படுத்தலாம். நம் உயர்நிலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை, அவர்களுடைய பெற்றோருக்கு உண்டு. "அம்மா, அந்த நூறு வெள்ளியில என்னையும் ஒரு தமிழ் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு பிள்ளை வீட்டில் கேட்டால், அந்தக் குடும்பம் ஒரு முறையாவது போகும். பழக்கம் அப்படித்தான் தொடங்கும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

இந்தத் தலைப்போ இதற்கு நெருக்கமான ஒன்றோ கட்டுரையிலோ வாய்மொழித் தேர்விலோ வந்தால், மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது, மளிகைக் கடைச் சோதனை. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் நாடகத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாலும் பொருந்தினால், அந்த வாக்கியம் போதாது. 'பார்வையாளர் குறைந்தால் நாடகக் கலை அழிந்துவிடும்' என்பது அப்படிப்பட்ட வாக்கியம். இதைப் பாருங்கள்: 'பார்வையாளர் குறைந்தால் நாடகம் குறைந்த இரவுகளே நடக்கும், கூட்டத்தின் முன்னால் நடித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை நடிகர் இழப்பார்.' இது நாடகத்துக்கு மட்டுமே பொருந்தும். தேர்வாளர் இரண்டாவது வாக்கியத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாவது, மறுதரப்பை நீங்களே எழுப்புங்கள். 'அரங்குகள் நிறைகின்றனவே', 'காணொளியில் பார்க்கலாமே' என்ற இரண்டு கேள்விகளும் நியாயமானவை. அவற்றில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டு, பிறகு உங்கள் பதிலைச் சொல்லுங்கள். எதிர்வாதத்தைக் கண்டுகொள்ளாமல் போகும் கட்டுரையைவிட அது வலுவாக இருக்கும்.

மூன்றாவது, முடிவுரையில் 'அனைவரும் ஆதரவு தர வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். யார், எதை, எப்படிச் செய்யலாம் என்று எழுதுங்கள். 'என் பள்ளி பயிற்சித்தாளை நிறுத்திவிட்டு மாணவர் விமர்சனங்களைக் குழுக்களுக்கு அனுப்பலாம்' என்பது ஒரு முடிவு. 'அரசாங்கமும் மக்களும் கைகோக்க வேண்டும்' என்பது நாம் எல்லாரும் நூறு முறை படித்துவிட்ட வாக்கியம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்ய வேண்டும். இந்த ஆண்டு முடிவதற்குள், யாரும் கட்டாயப்படுத்தாமல், நீங்களே தேர்ந்தெடுத்து ஒரே ஒரு தமிழ் நாடகத்துக்குப் போய் வாருங்கள். பிடிக்காமலும் போகலாம். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு வரும் எம்ஆர்டியில் கூட வந்தவரிடம் பேசிக்கொண்டே வாருங்கள். அந்தப் பேச்சு மேடையில் இருந்தவர்களுக்கும் தேவை. உங்கள் கட்டுரைக்கும் அதுவே முதல் குறிப்பாக இருக்கும்.